பிளாஸ்டிக் எஞ்சின் உலோகமாகத் தெரிவது எப்படி?

எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னலோரம் வைத்துக் கவனித்தால், அதற்கென்று சொந்தமாக ஒரு நிறம் இல்லை என்பது விளங்கும். ஜன்னல் பிரதிபலிக்கும் இடத்தில் வெண்மையான கோடும் அதை ஒட்டிக் கிட்டத்தட்டக் கறுப்பான பட்டையும் தெரியும். தலையைச் சற்று அசைத்தால் இரண்டும் இடம் மாறும். உலோகத்திலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் தம்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால், நாம் காண்பது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிம்பத்தைத்தான். சாம்பல் நிறப் பெயின்டோ எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத் தரும். பிளாஸ்டிக் மாதிரி காரின் எஞ்சினுக்கு வெற்று உலோகத் தோற்றம் கொடுக்க முயல்பவர், கோணத்துக்கேற்ப மாறும் அந்த ஒளியையும் இருளையும் பூச்சில் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

இந்த முயற்சிக்கு லோட்டஸ் 49 ஒரு கடுமையான பரீட்சை. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் களத்தில் ஜிம் கிளார்க் ஓட்டி, முதல் பந்தயத்திலேயே வென்ற ஃபார்முலா 1 பந்தயக் கார் அது. கீத் டக்வொர்த் வடிவமைத்த 2,993 சிசி காஸ்வொர்த் டிஎஃப்வி வி8 எஞ்சின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காரின் உடலோடு நேரடியாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன் தரும் பாரத்தையும் தானே சுமந்தது. மூடி ஏதும் இல்லாமல் எஞ்சினின் உடலான அலுமினிய பிளாக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டும் எஃகுக் குழாய்களும் வெளியே தெரிந்தன. டாமியா நிறுவனத்தின் 1/12 அளவு கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் மாதிரித் தொகுப்பைக் கட்டுபவருக்கு, தன் குறைகளை எஞ்சின் மூடிக்கு அடியில் ஒளித்துவைக்கும் வசதி இங்கே கிடையாது.

உலோகப் பெயின்ட் என்பது பிசினில் மிதக்கும் அலுமினியச் செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிக் கண்ணாடி. அவையெல்லாம் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டால் ஒளி ஒரே திசையில் திரும்பி, உலோகம் என்ற உணர்வு பிறக்கும். தாறுமாறாகச் சாய்ந்து கிடந்தால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, வெறும் சாம்பல் பூச்சாகிவிடும். தூரிகையால் தடித்துப் பூசிய பெயின்ட் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். தடித்த ஈரப் படலத்துக்குள் செதில்கள் புரண்டுகொண்டே இருந்து, உலரும்போது கிடந்த கோணத்திலேயே உறைந்துவிடுகின்றன. காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய படலமாகத் தெளித்தால், தின்னர் ஆவியாகும்போது படலம் செங்குத்தாகச் சுருங்கி, செதில்களைக் கீழே அழுத்திப் படுக்க வைக்கிறது. வேகமாக உலரும் லாக்கர் என்ற பெயின்ட் வகைகள் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன.

செதிலின் பருமனும் முக்கியம். சாதாரண வெள்ளிப் பெயின்டில் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள செதில்கள் இருப்பது இயல்பு. 1/24 அளவு மாதிரியில் அத்தகைய ஒரு செதில், அசல் எஞ்சினின்மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகல மினுக்குத் துகள் ஒட்டியிருப்பதற்குச் சமம். தனிச் செதிலின் வடிவத்தைப் பிரித்தறியக் கண்ணால் முடியாது. ஆனால் அதன் பளிச்சிடல் தனியாகத் தெரிந்து, பார்ப்பது பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மாதிரிக் கலைஞர்கள் மிக நுண்ணிய செதில்கள் கொண்ட அல்கிளாட் போன்ற லாக்கர்களை நாடுகிறார்கள். 12 முதல் 15 பிஎஸ்ஐ வரையிலான குறைந்த அழுத்தத்தில், படிப்படியாக மெல்லத் தெளிக்க வேண்டிய பெயின்ட் அது.

இத்தனை மெல்லிய படலத்தில் செதில்களுக்கிடையே இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதன் வழியே நுழையும் ஒளி அடியில் வெள்ளைப் பரப்பைச் சந்தித்தால் சிதறித் திரும்பிவந்து, இருண்டிருக்க வேண்டிய பகுதிகளையும் வெளுக்கச் செய்துவிடும். அடியில் கறுப்பு இருந்தால் அந்த ஒளி அங்கேயே உறிஞ்சப்படும். அடிப்பூச்சு பளபளப்பான கறுப்பாக இருந்தால் இரட்டை லாபம்: செதில்கள் படுத்துக்கொள்ளச் சமமான தளமும் கிடைக்கிறது. அது முழுமையாகக் காய்வதற்குள் மேலே லாக்கர் தெளித்தால், வெடிப்பு விழுந்து எல்லாம் பாழாகும்.

ஆனால் எஞ்சின் முழுவதும் பளபளத்தால் அதுவும் பொய்தான். மணல் அச்சில் வார்த்த பிளாக்கின் மேற்பரப்பில் பொதுவாக 12 முதல் 25 மைக்ரான் அளவில் சொரசொரப்பு இருக்கும். கடைசல் பிடித்த முகப்புகள் அதைவிடப் பல மடங்கு வழுவழுப்பானவை. வார்ப்புச் சொரசொரப்பைக் காட்ட, பசையால் கொத்தியும் பொடி தூவியும் மாதிரியின் பரப்பைக் கரடுமுரடாக்குவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொரசொரப்பை 12 மடங்கு குறைத்தால் 1 முதல் 2 மைக்ரான்தான் மிஞ்சும். கண்ணுக்கு அது குருணையாகத் தெரியாது, பளபளப்பின்மையாக மட்டுமே தெரியும். ஆகவே வார்ப்புப் பகுதிகளுக்குப் பளபளப்பற்ற அடர்சாம்பல் அடிப்பூச்சும், கடைசல் பகுதிகளுக்குப் பளபளப்பான கறுப்பும் கொடுத்து, இரண்டின்மேலும் ஒரே அலுமினிய லாக்கரைத் தெளித்தால் போதும். ஒரே பெயின்ட் இரண்டு வெவ்வேறு பரப்புகளாகத் தோன்றும். வார்ப்பிரும்புக்கு இன்னும் எளிய வழி உண்டு: மங்கிய கறுப்பின்மேல் பென்சில் கிராஃபைட்டைத் தூளாக்கித் தேய்ப்பது. கிராஃபைட்டின் தகட்டு அடுக்குகள் தேய்க்கத் தேய்க்கப் படுத்துக்கொள்வதால், அலுமினியச் செதில்களின் அதே தத்துவம் இங்கேயும் வேலை செய்கிறது.

கிட்டுகளில் வரும் 'குரோம்' பாகங்களில் பெரும்பாலும் குரோமியமே இருப்பதில்லை என்பது ஒரு வேடிக்கை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியம்தான் அது. கார வீரியமுள்ள பிளீச்சில் ஊறவைத்தால் கரைந்துபோகும். அதன் பிறகு வேண்டிய பூச்சைக் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புக்கென்று மேலே வார்னிஷ் அடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. அதிலுள்ள கரைப்பான் செதில்களைக் கலைத்துவிடக்கூடும். கலையாவிட்டாலும், உலோகத்தின் மேல் கண்ணாடித்தாள் போர்த்தியதுபோல் இன்னொரு பளபளப்பு சேர்ந்துகொள்ளும்.

எஃகு எக்ஸாஸ்ட் குழாய்களின் நிறங்களுக்கு மட்டும் அளவுக் குறைப்புக் கணக்கு பொருந்தாது. சூடேறிய எஃகின்மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தின் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பியனுப்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் அந்நிறங்கள் தோன்றுகின்றன. சாதாரண எஃகில் சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளும், 280 அளவில் ஊதாவும், 300 அளவில் நீலமும் வரும். துருப்பிடிக்காத எஃகுக்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும். மாதிரியில் இதை ஒளி ஊடுருவும் வண்ணங்களால், உலோகப் பூச்சின்மேல் மிக மெல்லியதாகத் தெளித்துக் காட்டலாம். வரிசைதான் முக்கியம்: சூடு மிகுந்த ஹெட் பக்கம் நீலத்தையும் தாண்டிச் சாம்பலாகிவிடும், அங்கிருந்து விலக விலக நீலம், ஊதா, கடைசியில் மஞ்சள். நிறங்கள் அப்படியே இருந்தாலும் பட்டைகளின் நீளம் குறையத்தான் வேண்டும்: அசலில் 6 சென்டிமீட்டர் நீண்ட நீலப் பட்டை 1/12 மாதிரியில் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.