வேப் விற்றால்தான் தப்பா? தடைச் சட்டம் உண்மையில் யாரைப் பிடிக்கும்

"இழுத்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வித்தாத்தான் கேஸு." வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வேப், அதாவது இ-சிகரெட் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

முதலில் விதி எப்படி மாறி வந்தது என்று பார்த்துவிடலாம். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இ-சிகரெட்டைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடு அந்த ஆண்டே தடை போட்டது. அப்புறம் 2019 செப்டம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. 2023-இல் சுகாதார அமைச்சகம் பொது அறிவிப்பு கொடுத்தது, புகார் செய்ய இணையதளமும் திறந்தது. அதாவது இந்தியாவில் விதி ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. "சீக்கிரம் லைசென்ஸ் குடுக்கப் போறாங்களாம்" என்று யாராவது சொன்னால் நம்பிச் சரக்கு எடுக்காதீர்கள்.

கடைக்காரர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "இதுல நிகோடின் இல்ல சார், வெறும் ஃபிளேவர்." அது செல்லாது. ஏதோ ஒரு பொருளைச் சூடாக்கி, இழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்கருவி என்றால் போதும்; நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்துக்கு அது இ-சிகரெட்தான். இ-ஹுக்காவும், புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவியும் இதில் அடங்கும். பேனா மாதிரி இருக்கிறதா, பென் டிரைவ் மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருளுக்கு மட்டும் விலக்கு.

சரி, என்னென்ன செய்தால் குற்றம்? தயாரிப்பது, இறக்குமதி, ஏற்றுமதி, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது. இவற்றில் எதைச் செய்தாலும் முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சப் இன்ஸ்பெக்டர் அந்தஸ்தும் அதற்கு மேலும் உள்ள போலீஸ் அதிகாரி சோதனை போடலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம்.

பணம் கைமாறினால்தான் விற்பனை என்று நினைக்க வேண்டாம். கடன், பண்டமாற்று, ஆன்லைனில் கைமாற்றிவிடுவது, ஏன், விற்பதற்கென்று எடுத்துக் காட்டி வைப்பதுகூட விற்பனைதான். இலவச சாம்பிள் கொடுத்தால் விநியோகம். இன்ஸ்டாவில் படம் போட்டு 'டிஎம் பண்ணுங்க' என்றால் விளம்பரம். சமூக ஊடகத்தையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கல்லூரிப் பையன்கள் பலர் இதை 'சைடு பிசினஸ்' என்று செய்கிறார்கள். ஒரே நபர் ஒரே வாரத்தில் விளம்பரம், விற்பனை, கொண்டுபோதல், இருப்பு என்று நாலு குற்றத்தையும் செய்து முடித்திருப்பார், தனக்கே தெரியாமல்.

வடசென்னையில் இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள் குடோன் உரிமையாளர்கள். மண்ணடி, சவுகார்பேட்டை, கொண்டித்தோப்பு சந்துகளில் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, உள்ளே என்ன பெட்டி இறங்குகிறது என்று எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. தன் இடத்தில் இ-சிகரெட் இருப்பு வைக்கத் தெரிந்தே விடுவதும் குற்றம் என்கிறது சட்டம். இடத்தின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். 'தெரிந்தே' என்ற நிபந்தனை உங்களைக் காப்பாற்றும்தான். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் தடை செய்யப்பட்ட பொருள் வைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்குவதும், நடுவில் ஒரு தடவை போய்ப் பார்ப்பதும் இன்னும் நல்லது. சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே தூக்கி வெளியே போடப் போகாதீர்கள், ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள். லோடு ஆட்டோக்காரரும் டெலிவரி பையனும் இதே மாதிரிதான். 'மொபைல் ஆக்சஸரீஸ்' என்று பில் போட்ட பெட்டியைப் பற்றிச் சந்தேகம் வந்தால், என்ன சரக்கு என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் வேப் சட்டப்படி விற்கலாம். அதனால் துபாயிலிருந்து வரும் மாமா, மச்சானிடம் தம்பிகள் ஒன்றிரண்டு வாங்கி வரச் சொல்வது நடக்கிறது. இங்கே இறக்குமதிக் குற்றத்தில் 'சொந்த உபயோகத்துக்கு ஒன்று' என்ற சலுகை கிடையாது. சுங்கத்தில் பறிமுதல் ஆகும். இந்திய நிறுவனங்களின் விமானத்திலும் கைப்பை, செக்-இன் பெட்டி இரண்டிலுமே அனுமதி இல்லை. சிங்கப்பூர் வழி போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 முதல் இழுப்பதும் வைத்திருப்பதுமே குற்றம். 2025 செப்டம்பர் முதல் முதல்முறை பிடிபடும் பெரியவருக்கு 700 சிங்கப்பூர் டாலர் அபராதம். பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் வகைக்கு மட்டும் 2025 ஜூன் 1 முதல் தடை. அங்கே செல்லுபடியாகும் விதி இங்கே செல்லாது, இங்கே உள்ளது அங்கே செல்லாது.

இப்போது அந்த முதல் கேள்வி. இழுப்பதற்கென்று தனியாகத் தண்டனை எதுவும் 2019 சட்டத்தில் இல்லை, அது உண்மை. ஆனால் எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் சட்டமீறல்தான் என்று சுகாதார அமைச்சகம் 2023-இல் விளக்கம் கொடுத்துவிட்டது. நடைமுறையில் யோசித்தாலும் அப்படித்தான்: கையில் ஒன்று இருக்கிறது என்றால் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும், யாரோ விற்றிருக்க வேண்டும். முதலில் விசாரணைக்குக் கூப்பிடுவது உங்களைத்தான். நண்பனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன் என்று வாய்விட்டால் விநியோகம் ஆகிவிடும்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் சிகரெட்டும் பீடியும் சட்டப்படி தொங்கும்போது இதற்கு மட்டும் ஏன் முழுத்தடை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். புகைப்பழக்கமே இல்லாத இளைஞர்களும் பிள்ளைகளும் இதன் வழியாக நிகோடினுக்குள் போய்விடுவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். மாம்பழம், தர்பூசணி, புதினா என்று வரும் ஃபிளேவர்களைப் பார்த்தால் அந்தப் பயத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை. எப்படியானாலும் அந்த வாதம் எஸ்.ஐ. முன்னால் எடுபடாது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் யாராவது விற்பது தெரிந்தால் 100 அல்லது 112-க்கு அழைக்கலாம், இல்லையென்றால் அமைச்சகத்தின் வயலேஷன்-ரிப்போர்ட்டிங் டாட் இன் தளத்தில் எழுதலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பையிலேயே அகப்பட்டால் முதலில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. எங்கே வாங்கினான், எத்தனை நாளாக என்று அடிக்காமல் கேளுங்கள். விட முடியவில்லை என்றால் 1800-112-356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் போய்க் கேட்கலாம். பெரியவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. 2 மில்லிகிராம் வரை சீட்டு வேண்டாம், அதற்கு மேல் டாக்டர் எழுதித் தர வேண்டும்.