டம்ளரில் இருந்த பெயர்

போன மாதம் ஒரு பையன் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தான், வயது 23. இஸ்லாத்தில் நம்பிக்கை போய் மூன்று வருடம் ஆகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஃபேஸ்புக்கில் புனைபெயரில் ஒரு கணக்கு, அறிமுகத்தில் 'முன்னாள் முஸ்லிம்' என்று ஒரு வரி. நோன்பு மாதத்தில் ஒரு மதியம் டீ குடிப்பதைப் படமெடுத்துப் போட்டிருக்கிறான். முகம் இல்லை, கை மட்டும்தான். ஆனால் கையில் இருந்தது வீட்டு எவர்சில்வர் டம்ளர், விளிம்புக்குக் கீழே அவன் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. மாமா மகன் பெரிதாக்கிப் பார்த்து அத்தாவுக்கு அனுப்பிவிட்டான். அன்று இரவே வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் இப்படி வரும் நான்காவது ஆள் இவன். எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "சார், நான் பெயரே போடலையே!"

பெயர் போடாவிட்டால் யாரிடமிருந்து மறைகிறீர்கள்? முன்பின் தெரியாதவனிடமிருந்து. அவனால் உங்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தே இல்லை. உங்களைத் தேடுவது உங்களோடு ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டவர்கள். நீங்கள் வாக்கியத்தை எப்படி முடிப்பீர்கள், எந்த மதரஸா உஸ்தாதைப் பற்றிப் புலம்புவீர்கள், எந்தத் தெருவில் ஊர்வலம் போனபோது எழுதினீர்கள் என்பது அவர்களுக்குப் போதும். ஜன்னல் கம்பி போதும், சோபா உறை போதும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தன்று போட்ட பதிவு போதும். புனைபெயர் என்பது ஊருக்கு வெளியே போடும் பூட்டு, வீட்டு ஆட்களிடம் அதற்குச் சாவி இருக்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் "விபிஎன் வச்சிருக்கேன் சார்" என்கிறார்கள். விபிஎன் இணைய முகவரியைத்தான் மறைக்கும், டம்ளரை மறைக்காது!

சொந்தப் பெயரில் எழுதுபவர்கள் வேறு வகை. கோவையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஃபாரூக் தன் நாத்திகத்தை ஒளித்ததில்லை. 2017 மார்ச்சில் ஓர் இரவு, தொலைபேசி அழைப்பு வந்து வெளியே போனவரை வெட்டிக் கொன்றார்கள். அதே வருடம் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்த ஒரு படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. அதில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா என்று மலேசிய அரசு விசாரணையே தொடங்கியது. படம் போட்டவரின் மகிழ்ச்சிக்கு, படத்தில் சும்மா சிரித்துக்கொண்டு நின்றவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கேரளத்தில் முன்னாள் முஸ்லிம்கள் 2022 முதல் அமைப்பாகச் சேர்ந்து முகம் காட்டிப் பேசுகிறார்கள், வாரிசுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆட்கள் உண்டு. உங்கள் பின்னால் யார்?

வக்கீலாக ஒன்று சொல்கிறேன். மதத்தை விடுவது இந்தியாவில் குற்றமில்லை, அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனசாட்சி சுதந்திரத்தையும் சேர்த்தே தருகிறது. ஆனால் வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவின் கீழ் மூன்று வருடம் வரை சிறை. "நான் ஏன் நம்பவில்லை" என்று எழுதுவது வேறு, குர்ஆன் மேல் பீர் பாட்டிலை வைத்துப் படம் போடுவது வேறு. அந்தப் படத்துக்கு விழும் லைக்குகள் யாருடையவை என்று பாருங்கள். பாதிப் பேருக்கு உங்கள் மேல் அக்கறை கிடையாது, உங்கள் அம்மாவையும் சேர்த்து வெறுப்பவர்கள் அவர்கள்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் பழைய பதிவுகளை எடுத்துவிட்டுப் போங்கள். சவூதியில் 2014-லேயே நாத்திகத்தைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் எடுத்த படம் எதுவும் வேண்டாம். அந்தக் கணக்குக்கு உங்கள் வழக்கமான நம்பரைத் தராதீர்கள், போனில் உள்ள நம்பர்களை ஆப் எடுத்துக்கொள்ளும் காண்டாக்ட் இணைப்பை அணைத்து வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டைக் கிண்டலுக்குப் போடாதீர்கள், அது அவர்களுக்கும் துரோகம். மிரட்டல் வந்தால் அழிக்காதீர்கள். தேதியும் லிங்க்கும் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். "தனியா பேசணும், வா" என்று இரவில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அப்புறம், கையில் சம்பளமும் தங்க ஓர் இடமும் வரும்வரை 'மதத்தை விட்டுவிட்டேன்' என்ற அறிவிப்பு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பையன் இப்போது நண்பன் அறையில் இருக்கிறான். அம்மா தினமும் இஷா தொழுதுவிட்டு அக்காவின் போனிலிருந்து கூப்பிடுகிறார், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்.