தேக்கின் இலையைத் தின்பது எந்தப் புழு?

கோடைமழை இரண்டு மூன்று பெய்து ஓய்ந்த மே மாதக் கடைசியில் தேக்குத் தோட்டத்துக்குள் போய் நின்றால், சில வருடங்களில் ஒரு சத்தம் கேட்கும். வானம் வெளுத்திருக்கும், ஆனால் சருகின்மேல் தூறல் போடுவதுபோலச் சடசடவென்று இருக்கும். கையை நீட்டினால் உள்ளங்கையில் கறுப்பு உருண்டைகள் விழும். மேலே இலை தின்றுகொண்டிருக்கும் புழுக்களின் புழுக்கை அது. அந்தச் சத்தம் காதில் விழும்போது காரியம் பெரும்பாலும் கைமீறியிருக்கும். சில நாளில் இலைகளில் பெரிய நரம்புகள் மட்டும் குச்சிகுச்சியாக மிஞ்ச, மரம் மொட்டையாகிவிடும்.

இது தேக்கு இலைதின்னிப் புழு. அறிவியல் பெயர் ஹைப்ளியா பியூரா. 1898இலேயே திருவிதாங்கூரின் கோன்னித் தேக்குத் தோட்டங்களில் இதன் தொல்லையைப் பற்றி வன அதிகாரி போர்டில்லன் எழுதியிருக்கிறார். அதன்பின் நிலம்பூர், ஆனைமலை என்று தேக்கு நிற்கும் இடமெல்லாம் வனத்துறைக்குப் பழகிப்போன விருந்தாளியாகிவிட்டது. தேக்கோடு நிற்பதும் இல்லை. நொச்சி வகைகளிலும், மும்பைப் பக்கத்துக் கடலோரக் கண்டல் மரங்களிலும் இதே புழுவைப் பார்க்கலாம்.

இலை போய்விட்டது என்றதும் மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் பலருடைய வழக்கம். அதற்கு முன் இலை எப்படிப் போயிருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஏனென்றால் தேக்கு இலையை அழிக்கும் முக்கியமான புழுக்கள் இரண்டு. ஒன்றுக்கு மருந்து தேவைப்படலாம். இன்னொன்றுக்குச் செலவழிக்கும் காசு பெரும்பாலும் வீண்.

கீழே கிடக்கும் இலையொன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சின்ன நரம்புகள்கூட அறுபடாமல், இடையில் இருக்கும் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, இலை முழுக்கப் பழுப்புநிற வலைபோலத் தெரிந்தால் அது சல்லடைப் புழுவின் வேலை. யூடெக்டோனா மெக்கேராலிஸ் என்று பெயர். புழு பச்சையாக, மெலிந்து, இலையின்மேல் மெல்லிய நூலாம்படை விரித்து அதற்கடியில் இருக்கும். அந்துப்பூச்சியும் சிறியது, மஞ்சள் இறகில் செம்மை கலந்த நெளிகோடுகள் ஓடும். இலைதின்னிக்கு அந்த நிதானம் கிடையாது. வளர்ந்த புழு சின்ன நரம்புகளையும் சேர்த்தே தின்றுவிட்டுப் பெரிய நரம்புகளை மட்டும் விட்டுவைக்கும். புழு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம் வரும், முதுகு கறுத்து, நீளவாக்கில் நிறக்கோடுகளோடு இருக்கும். அதன் அந்துப்பூச்சி உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த சருகு நிறத்தில் கண்ணுக்கே தெரியாது. பறந்தால் பின்னிறகின் கறுப்பில் ஆரஞ்சுத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். பகலில் தோட்டத்துப் புதர்களைக் காலால் விலக்கிக்கொண்டு நடக்கும்போது இந்த ஆரஞ்சு நிறம் கும்பலாக எழுந்து பறந்தால், முட்டை விழுந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காலமும் அடையாளம் சொல்லும். இலைதின்னி வருவது புதுத்துளிருக்கு, அதாவது கோடைமழைக்கும் தென்மேற்குப் பருவத் தொடக்கத்துக்கும். சல்லடைப் புழு பெருகுவது பருவத்தின் பின்பாதியில், முற்றிய இலையில். சில வாரத்தில் தானாக உதிரப்போகிற இலையைத்தான் அது பெரும்பாலும் தின்கிறது.

இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு விலை என்பதை நிலம்பூரில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். திருச்சூர் அருகே பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் கே. எஸ். எஸ். நாயர் குழுவினர், நான்கு வயதில் இருந்த ஒரு தேக்குத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனை அது. சில பகுதிகளை இரண்டு புழுவிடமிருந்தும் காத்தார்கள், சிலவற்றை ஒன்றிடமிருந்து மட்டும் காத்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். இலைதின்னியிடமிருந்து காக்கப்பட்ட மரங்கள் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 6.7 கனமீட்டர் மரம் வைத்தன, விட்டுவிடப்பட்டவை 3.7 கனமீட்டர்தான். வைத்திருக்க வேண்டிய மரத்தில் 44% புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. சல்லடைப் புழுவைத் தடுத்ததாலோ தடுக்காததாலோ வளர்ச்சியில் குறிப்பிடும்படியான வித்தியாசமே வரவில்லை.

44% என்பது பயங்கரமான எண். ஆனால் தோட்டத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. மொட்டையான தேக்கு சாவதில்லை. சில வாரத்தில் மறுபடி துளிர்த்துப் பச்சையாகிவிடும். அந்த இரண்டாவது துளிருக்கான முதல், தண்டிலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்து. தண்டு பருமனாவதற்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பப் போகிறது. அதுவும் மழை, ஈரம், வெளிச்சம் எல்லாம் கூடிவரும் நல்ல வாரங்களில். இளங்கன்றில் இன்னொரு கேடும் உண்டு. தலைக்கொழுந்தைப் புழு தின்றுவிட்டால் பக்கத்து மொட்டுகள் இரண்டு போட்டிபோட்டு வளர்ந்து மரம் கவடாகிவிடும். நேரான அடிமரத்துக்குத்தான் விலை என்பதால் அந்தக் கவடு வெட்டும் நாள்வரை கூடவே வரும்.

புழுவின் நாட்காட்டி கையில் இருந்தால்தான் எதுவும் செய்ய முடியும். பெண் அந்துப்பூச்சி இளம் இலையின் அடிப்பக்கம், நரம்போரமாக, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டும். ஒன்று சராசரியாக ஐந்நூறு வரை இடும். இரண்டு நாளில் பொரியும். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வளர்ச்சிக் கட்டத்தைப் பருவம் என்பார்கள். முதல் இரண்டு பருவத்திலும் குட்டிப்புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டி, நூல் கட்டிய சின்னப் பள்ளத்தில் கிடக்கும். இந்த நிலையில் சேதம் ஊசிமுனைத் திட்டுகள்தான், கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றாம் பருவத்தில் ஒரு கைவேலை நடக்கும்: இலையோரத்தை அரைவட்டமாக வெட்டி, அந்த நாக்கை மடித்து நூலால் தைத்துக்கொண்டு, அந்த மடிப்புக்குள்ளே தங்கித் தின்னும். தபால் உறையின் மூடிபோல மடிந்த இந்த இலையோரம்தான் தேடிப்பார்க்க வேண்டிய அடையாளம். பிறகு நான்காம், ஐந்தாம் பருவம். புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை இந்தக் கடைசி நாட்களில்தான் தின்கிறது. முட்டை பொரிந்து 10 முதல் 12 நாளில் நூல்விட்டுக் கீழே இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகும். அங்கே 6 முதல் 8 நாள். ஆக மொத்தம் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கும்.

கணக்கு இங்கேதான் இறுகுகிறது. முட்டை விழுந்து ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் தெளித்தால் இலை மிஞ்சும். பத்தாம் நாள் தெளித்தால் புழு சாகும், இலையும் போயிருக்கும். புழுக்கைச் சத்தம் கேட்டபின் தெளிப்பவர்கள் செய்வது இந்த இரண்டாவது வேலை. அதற்கடுத்த இரண்டு நாளில் புழுக்களைக் காணவில்லை என்றதும் மருந்து நன்றாக வேலைசெய்ததாக நினைப்பார்கள். அவை தின்று முடித்து மண்ணுக்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பெரிய தோட்டத்தில் இந்த மூன்று நாளைப் பிடிப்பது எப்படி? நிலம்பூரில் பல ஆண்டு கவனித்ததில், தாக்குதல் ஒரே நாளில் எல்லா இடத்திலும் தொடங்குவதில்லை என்று தெரிந்தது. முதலில் அரை ஹெக்டேர் முதல் ஒன்றரை ஹெக்டேர் வரையுள்ள சின்னத் திட்டுகளில், ஒன்றுக்கொன்று தொலைவாக, புழு திரளும். அங்கே வளர்ந்து பறக்கும் அந்துப்பூச்சிகள் மொட்டையான இடத்தில் இருப்பதில்லை. கூட்டமாகக் கிளம்பிப் போய் வேறிடத்தில் முட்டையிடும். இரண்டாம் தலைமுறையில் தாக்குதல் பெரும் பரப்புக்குப் பரவும். எனவே ஏப்ரல் கடைசியில் முதல் மழை விழுந்ததிலிருந்து வாரம் இரண்டுமுறை சுற்றிவந்து அந்த முதல் திட்டுகளைக் கண்டுபிடித்து அடக்கிவிட்டால், சில ஹெக்டேரோடு வேலை முடியும். சென்ற ஆண்டு வந்த இடத்திலேயே இந்த ஆண்டும் வரும் என்று அங்கே மட்டும் பார்ப்பது தவறு. திட்டுகள் இடம் மாறும்.

அந்துப்பூச்சியின் இந்த நாடோடித்தனம்தான் இயற்கை எதிரிகளையும் ஏய்க்கிறது. புழுவின்மேல் முட்டையிடும் டாகினிட் ஈயும், கூட்டுப்புழுவைத் துளைக்கும் பிராக்கிமீரியா குளவியும் தேக்குக்காட்டில் உண்டு. புழு கொழுத்திருக்கும்போது அவையும் பெருகத் தொடங்கும். ஆனால் அவை பெருகி வெளிவரும்போது அந்துப்பூச்சிக் கூட்டம் ஊரைக் காலிசெய்திருக்கும். 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் பீசன், தேக்குக்கிடையே பலவகைச் செடிகளை விட்டு இந்தக் குளவிகளையும் ஈக்களையும் வளர்க்கும் திட்டம் ஒன்றைச் சொன்னார். அடிக்காட்டை அழிக்காமல் வைப்பது காட்டுக்கு நல்லதுதான், ஆனால் திடீரென்று வந்திறங்கும் கூட்டத்தை அது நிறுத்தாது.

நிறுத்தக்கூடிய எதிரி புழுவின் உடம்புக்குள்ளேயே இருந்தது. 1988இல் நிலம்பூரில் இறந்துகிடந்த புழுக்களிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்து, அது நியூக்ளியோபாலிஹெட்ரோ வகையைச் சேர்ந்தது என்று கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் சுதீந்திரகுமாரும் உடனிருந்தோரும் அறிவித்தார்கள். இந்த வைரஸ் துகள்கள் புரதப் படிகம் ஒன்றுக்குள் பொதிந்திருக்கும், கடலைமிட்டாய்ப் பாகுக்குள் கடலை இருப்பதுபோல. நம் வயிற்றில் இருப்பது அமிலம். இந்தப் புழுவின் நடுக்குடலில் இருப்பது கடுமையான காரம். இலையோடு உள்ளே போன படிகம் காரத்தில் கரைந்து, வைரஸ் விடுபட்டுக் குடல் செல்களில் நுழைந்து, அங்கிருந்து கொழுப்புத் திசுவுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவும். மூன்று நான்கு நாளில் புழு தின்பதை நிறுத்தி, உடல் தளர்ந்து, பின்னங்கால்களால் தொற்றியபடி தலைகீழாகத் தொங்கிச் சாகும். தொட்டால் தோல் கிழிந்து உள்ளிருக்கும் நீர் ஒழுகும். அந்த ஒழுகலில் கோடிக்கணக்கான புதுப் படிகங்கள் இருக்கும். மழை அவற்றைக் கீழிலைகளுக்குக் கழுவிக் கொண்டுபோகும், அங்கே தின்னும் புழுவும் மாட்டும். தொங்கும் புழுக்களைத் தட்டிப் பொறுக்கி எரிக்காதீர்கள். அவை உங்களுக்காக வேலைசெய்துகொண்டிருக்கின்றன.

தெளிப்பாகப் பயன்படுத்தும்போது வைரஸ் பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று வெயில்: சூரியனின் புற ஊதாக்கதிர் சில மணி நேரத்திலேயே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். அதனால் மாலையில்தான் தெளிக்க வேண்டும், புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பொருளும் கலப்பதுண்டு. இன்னொன்று புழுவின் வயது: மூன்றாம் பருவம்வரை கொஞ்சம் படிகமே போதும், ஐந்தாம் பருவப் புழுவைக் கொல்லப் பலமடங்கு வேண்டும், அது சாகுமுன் தின்று முடித்துவிடும். இந்த வைரஸ் உயிருள்ள புழுவுக்குள் மட்டுமே பெருகும், ஆகவே தயாரிக்கப் புழு வளர்த்தாக வேண்டும். கடையில் கேட்டவுடன் கிடைக்காததற்கு அதுவே காரணம். இந்தக் கஷ்டங்களையும் தாண்டி இதையே நல்ல வழி என்று சொல்லத் தோன்றுகிறது. தேக்குத் தோட்டங்கள் பல ஆறுகளின் மேல்கரையில் நிற்கின்றன. அங்கே மரத்தலைக்கு மேலிருந்து பூச்சிக்கொல்லி பொழிந்தால் அது ஆற்றுக்கும் மீனுக்கும் போகும். வைரஸ் தேனீயை, பட்டுப்புழுவை, மீனைத் தொடுவதில்லை.

வயல் வரப்பிலும் புஞ்சையிலும் இருநூறு முந்நூறு தேக்கு வைத்திருப்பவருக்கு, கைத்தெளிப்பான் எட்டும் உயரம்வரை இரண்டு வழி உண்டு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, இலையின் இருபுறமும் நனைய, மாலையில் அடிக்கலாம். இதன் நச்சுப்படிகமும் அதே காரக்குடலில்தான் கரையும். புழு சீக்கிரமே தின்பதை விட்டுவிடும். ஆனால் பலவகை அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொல்லும் என்பதால் பக்கத்தில் மல்பெரியும் பட்டுக்கூடும் இருந்தால் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அல்லது வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 100 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்றைக்கே தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் தேக்கின் சொரசொரப்பான இலையில் கரைசல் ஒட்டாமல் உருண்டோடும். இதுவும் குட்டிப்புழுவுக்குத்தான், வளர்ந்த புழு சட்டைசெய்யாது. மரம் 6 மீட்டரைத் தாண்டிவிட்டால் கைத்தெளிப்பானோடு போராட வேண்டாம்.

இலையை மட்டும் பார்த்துவிட்டுத் தண்டை விட்டுவிடக் கூடாது. ஓரிரு வயதுக் கன்றின் தண்டில், மரத்தூளையும் நூலையும் சேர்த்து நெய்த பழுப்பு மூடி ஒன்று குமிழாகப் புடைத்திருந்தால், உள்ளே சஹ்யாத்ராசஸ் என்ற துளைப்பான் இருக்கிறது. மூடியின்மேல் மருந்து தெளித்தால் உள்ளே ஒரு சொட்டும் போகாது. மூடியைப் பிய்த்தெறிந்து துளையைக் கண்டுபிடித்து, 25% குயினால்பாஸ் மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து, கையுறையோடு, துளைக்குள் மட்டும் செலுத்த வேண்டும். அடிக்காட்டில் அதே மாதிரி மூடியுள்ள புதர்த்தண்டுகளையும் வெட்டியெடுத்துவிடுங்கள், அடுத்த ஆண்டின் புழு அங்கிருந்தும் வரும்.

பெரிய மரத்தைத் துளைக்கும் காசஸ் புழுவின் கதை வேறு. தழைக்கும் விறகுக்குமாகக் கிளை வெட்டிய மரங்களில்தான் அது நுழைகிறது. கிளை வெட்டிய காயத்தைச் சுற்றி அந்துப்பூச்சி முட்டை வைக்கும். பொரிந்த புழு அங்கிருந்து உள்ளே போய், ஆண்டாண்டாக அடிமரத்தைத் துளைத்துக்கொண்டேயிருக்கும். உள்ளே போனபின் மருந்து எட்டாது. ஊருக்கு ஒட்டிய தேக்கில் இது அதிகம் காணப்படுவதற்குக் காரணம் அருவாள்தான். பக்கக்கிளையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் விரல் பருமனில் இருக்கும்போதே, தண்டை ஒட்டிச் சீராக எடுத்துவிட வேண்டும். கை பருமனான கிளையை வெட்டினால் அந்தக் காயம் மூட வருடங்கள் ஆகும், அதுவரை வாசல் திறந்தே இருக்கும்.