"ரெண்டு ஆள் ஒசரந்தான் சார்"

முருங்கையிலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "பெரிய ஒசரமெல்லாம் இல்ல சார், ரெண்டு ஆள் ஒசரந்தான்." திருநெல்வேலிப் பக்கம் எலும்பு முறிவு மருத்துவம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்டாலே கொஞ்சம் பயம் வரும். ரெண்டு ஆள் உயரம் என்றால் மூன்று மீட்டருக்கு மேல். மூன்று மீட்டரிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். பைக்கில் 27 என்பது நமக்கு ஊர்கிற வேகம்தான். ஆனால் அந்த 27-இல், ஹெல்மெட்டும் பிரேக்கும் இல்லாமல் ஒரு சுவரில் போய் மோதுவதாக நினைத்துப் பாருங்கள்.

பூமி இழுக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு வினாடியும் வேகம், வினாடிக்கு 9.8 மீட்டர் என்ற கணக்கில் கூடும். வண்டி ஓட்டுகிற கணக்கில் சொன்னால், வினாடிக்கு வினாடி மணிக்கு 35 கிலோமீட்டர் ஏறுகிறது. ஷோரூமில் போய் "60 பிடிக்க எத்தனை செகண்ட் ஆகும்?" என்று கேட்கிற தம்பிகளுக்கு: பூமிக்கு 1.7 செகண்ட் போதும்.

"ஆள் கொஞ்சம் கனம் சார், அதான் வேகமா விழுந்துட்டார்" என்பதும் அடிக்கடி காதில் விழும். அது சரியில்லை. கனமானவரைப் பூமி கூடுதல் விசையோடு இழுக்கிறது, உண்மைதான். அதே அளவுக்கு அவரை அசைப்பதும் கஷ்டம். இரண்டும் கழிந்து, எல்லோருக்கும் ஒரே 9.8 தான். 1971-இல் அப்போலோ 15-இல் நிலவுக்குப் போன டேவிட் ஸ்காட், ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். காற்றே இல்லாத இடம் என்பதால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. நம் ஊரில் இலை ஆடி ஆடி இறங்குவது காற்று தடுப்பதால். மரத்திலிருந்து விழுகிற மனிதனுக்கு அந்தக் காற்று ஒரு உதவியும் செய்யாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, குறைந்த உயரம் ஏன் இவ்வளவு மோசம் என்பது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வர ஐந்து மீட்டர் விழ வேண்டும். அதில் பாதியான 18 எப்போது வரும்? இரண்டரை மீட்டரில் என்று தோன்றும். இல்லை, 1.3 மீட்டரிலேயே வந்துவிடும். முதல் கால்வாசி உயரத்துக்குள் வேகத்தில் பாதியைச் சேர்த்துவிடுகிறோம். வீட்டு ஸ்டூல், மாட்டுத்தொழுவத்துக் குட்டிச்சுவர், லாரியின் பின்கதவு எல்லாம் இந்தக் கணக்குக்குள் வருகிறவை. நேரமும் கிடையாது. மூன்று மீட்டர் விழ முக்கால் வினாடிக்குச் சற்று மேல். "ஐயோ" சொல்லி முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

சரி, விழும்போது என்ன வலிக்கிறது? ஒன்றுமே வலிக்காது. அந்தரத்தில் இருக்கும்வரை உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் போகிறது; எலும்புக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. முக்கால் வினாடியில் சேர்த்த வேகத்தைத் தரை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிடுங்குகிறது பாருங்கள், எலும்பு முறிவது அங்கேதான்.

வீடு கட்டுகிற இடத்தில் நின்று பார்த்தால் இது புரியும். கீழே இருப்பவர் செங்கல்லைத் தூக்கி எறிய, சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். கையை நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு பிடிக்க மாட்டார். கல் வருகிற திசையிலேயே கையையும் கூடக் கொண்டுபோய், கல் ஓய்ந்த பிறகுதான் இறுக்குவார். நாள் முழுக்க இப்படிப் பிடித்தும் அவர் விரல் ஒடிவதில்லை. கல்லை நிறுத்துகிற தூரத்தைக் கூட்டினால் கைக்கு வரும் விசை குறையும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

கணக்கும் சுலபம். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், உடல் எடையைப்போல் எத்தனை மடங்கு விசை என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். மூன்று மீட்டரிலிருந்து விழுந்து 30 சென்டிமீட்டரில் நின்றால் பத்து மடங்கு. 60 கிலோ ஆளுக்கு 600 கிலோ. அதே ஆள் சிமெண்ட் தளத்தில் விழுந்து 3 சென்டிமீட்டரில் நின்றால் நூறு மடங்கு, அதாவது 6 டன். உயரம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் விழுந்தவரும், பாறையில் விழுந்தவரும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தும் வேறு வேறு ஆட்களாக என்னிடம் வருவது இதனால்தான். "எவ்வளவு உயரம்?" என்று கேட்டுவிட்டு, "எதன் மேல் விழுந்தார்?" என்று கட்டாயம் கேட்பேன்.

இனி பனை. பனையேறிகள் நெஞ்சை மரத்தோடு அணைத்து, காலில் தளைநார் மாட்டி, வெறும் உராய்வை நம்பித்தான் மேலே போகிறார்கள். பூமி கீழே இழுக்கிற அளவுக்கு உராய்வு மேலே பிடித்திருக்கும்வரை வேகம் ஏறுவதே இல்லை. ஆள் அப்படியே நிற்பார். தூறல் விழுந்து மரம் நனைந்தால் கதை வேறு. உராய்வுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வழுக்காமல் நிற்கும்போது இருக்கிற பிடி, ஒருமுறை வழுக்க ஆரம்பித்ததும் குறைந்துவிடும். "லேசா வழுக்கிச்சு, பிடிச்சிரலாம்னு நெனச்சேன்" என்று ஒருவர் சொன்னார். பிடிக்க முடியாது அண்ணாச்சி, வழுக்கத் தொடங்கிய பிறகு முன்பைவிடக் கூடுதலாக இறுக்க வேண்டும், அதற்குள் வேகம் ஏறிவிடும். பத்து மீட்டரிலிருந்து விழுந்தால் தரையில் மணிக்கு 50. இருபது மீட்டர் என்றால் 71. தூறல் நாளில் பாளை சீவப் போக வேண்டாம் என்று சொல்வது எளிது, பதநீர் ஒரு நாள் விட்டால் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொழிலாக ஏறுகிறவர்களைவிட எனக்குக் கோபம் வருவது மற்றவர்கள்மேல்தான். நொங்கு சீசனில் பந்தயம் கட்டி ஏறுகிற பையன்கள், ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்பின் நுனிவரை போகிறவர்கள், முருங்கைக்காய்க்காக மரத்திலேயே ஏறி நிற்கிற வீட்டுக்காரர்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்று தெரிந்த ஊர்தானே இது? தொரட்டிக் கம்பு எதற்கு இருக்கிறது?

சாரத்தில் நிற்பவர்களும் மரம் ஏறுகிறவர்களும் இப்போது சேஃப்டி பெல்ட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கயிற்றை எங்கே கட்டுகிறார்கள் என்று பாருங்கள். காலடியில் கட்டுகிறார்கள். 1.8 மீட்டர் கயிறு காலடியில் கட்டியிருந்தால், அது இறுகுவதற்குள் ஆள் மூன்று மீட்டருக்கு மேல் விழுந்திருப்பார், மணிக்கு 28 வேகம் வந்திருக்கும். அதையே தலைக்கு மேல் கட்டியிருந்தால் விழுவது மிகக் குறைவு. கயிற்றில் மடித்துத் தைத்த ஒரு சிறு பை தொங்கும். இழுபடும்போது அது பிரிந்து பிரிந்து நீளும். செங்கல் பிடிக்கிறவரின் கை செய்கிற அதே வேலைதான் அதற்கும். அசிங்கமாகத் தொங்குகிறதென்று அதை வெட்டிவிட்ட ஒரு பெல்ட்டை நானே பார்த்திருக்கிறேன். இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட்டும் வேண்டாம். மொத்த விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தொடை, தோள் எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற முழு பெல்ட்தான் வேண்டும்.

தண்ணீர் என்றால் மெத்தை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆழம் இருந்தால் சரி. சித்திரை, வைகாசியில் தாமிரபரணியில் முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீர் ஓடும்போது கல்மண்டபத்தின் மேலிருந்து தலைகீழாகக் குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நீட்டி விறைத்துத் தலைகுப்புறப் பாய்கிற உடம்பை ஒரு மீட்டர் தண்ணீர் பெரிதாகத் தடுப்பதில்லை. சேர்த்த வேகத்தில் பெரும்பகுதியோடு தலை மணலில் குத்தும், பின்னால் வருகிற மொத்த உடம்பின் எடையும் கழுத்தில் இறங்கும். கழுத்தெலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுந்தால் கையும் காலும் ஒன்றாகப் போய்விடும். போன வருஷம் குதித்த இடம்தானே என்று நம்பாதீர்கள், வெள்ளம் வந்து போனால் மணல் இடம் மாறிவிடும்.

குற்றாலம் பேரருவி கிட்டத்தட்ட 60 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால், நேராக விழுகிற தண்ணீர் கீழே மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். அதன்கீழ் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிவது, நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளம் தண்ணீரை வாங்கி, வேகத்தை உடைத்து அனுப்புவதால். வெள்ளத்தில் தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும். போலீஸ் விசில் ஊதினால் வாக்குவாதம் பண்ணாமல் வெளியே வந்துவிடுங்கள்.

வண்டிக்கும் இதே கணக்குதான். மணிக்கு 40-இல் மோதுவதும் ஆறு மீட்டருக்கு மேலிருந்து விழுவதும் ஒன்று. 60 என்றால் பதினான்கு மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஆனதற்கு உயரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. காரில் முன்சீட்டில் கைக்குழந்தையை மடியில் வைத்து "நான் பிடிச்சுக்கிடுதேன்" என்கிற பாட்டியம்மாக்களுக்கு: 40-இல் போகிற கார் மோதி அறுபது சென்டிமீட்டரில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்குக் குறையாத விசை வேண்டும். மூட்டை தூக்குகிற ஆளாலும் முடியாது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மாகோல் மாதிரியான பொருள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுக்கிறது. மண்டையோடு நேராகத் தாரில் பட்டால் கிடைப்பது சில மில்லிமீட்டர். பத்து மடங்கு வித்தியாசம் அந்த நசுங்கலில் இருக்கிறது. ஒருமுறை அடி வாங்கி நசுங்கியது திரும்ப எழும்பாது, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத தொப்பி ஹெல்மெட் போலீஸுக்காகப் போடுவது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது விழத்தான் செய்வார்கள். அப்போது செய்யக்கூடாததைத்தான் முதலில் செய்கிறோம்: கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்குவது, உட்காரவைத்துச் சோடா கொடுப்பது, சுளுக்கு என்று நினைத்து இழுத்துவிடுவது. முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் தப்பியிருந்தால், அதை மடக்கித் தூக்குகிற நாம் அறுத்துவிடக்கூடும். கிடக்கிறபடியே கிடக்கட்டும். 108-ஐ அழையுங்கள். கால்விரலை அசைக்கச் சொல்லிப் பாருங்கள், மரத்துப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். வாந்தி எடுத்தாலோ, வேறு வழியில்லாமல் நகர்த்த வேண்டியிருந்தாலோ மூன்று நான்கு பேராகத் தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புமாறு புரட்டுங்கள். கழற்றிய கதவுப் பலகை ஒன்று இருந்தால் அதன்மேல் படுக்கவைக்கலாம்.

காலில் வந்து இறங்கியவர்களுக்கு இன்னொன்று. குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கும், வலி அங்கேதான் பிடுங்கும், வீட்டாரும் காலைத்தான் காட்டுவார்கள். காலில் ஏறிய விசை அங்கேயே நிற்காமல் இடுப்புக்கு மேலே முதுகெலும்புவரை போயிருக்கும். குதிகால் இப்படி உடைந்தவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். எண்ணெய்க் கட்டுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, காலுக்கு மட்டும் படம் எடுத்துவிட்டு எழுந்து வராதீர்கள். முதுகுக்கும் ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். வலி பொறுக்கிறதென்று நடந்து பார்க்க வேண்டாம், அன்றைக்கு இரவு சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.