ஒற்றைமடியம் (ஹாப்ளாய்டு)

முலாம்பழச் செடியின் உடல் செல் ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் 12 தாய்வழி வந்தவை, 12 தந்தைவழி வந்தவை. பாலணுவில், அதாவது முட்டை செல்லிலோ ஆண் இனச்செல்லிலோ, இருக்கும் அளவான 12 குரோமோசோம்களை மட்டும் கொண்டு ஒரு செடி முளைத்து வளருமானால், அதனை ஒற்றைமடியம் என்கிறோம்.

'ஹாப்ளாய்டு' என்னும் சொல்லை 1905இல் உருவாக்கியவர் தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர். கிரேக்கத்தில் 'ஹாப்ளூஸ்' என்பது ஒற்றையானதைக் குறிக்கும். அதன் பிற்பகுதி மடிப்பு என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இருமடி, மும்மடி என்று நாம் பெருக்கத்தைச் சொல்லும் 'மடி'யும் அவ்வாறே அமைந்திருப்பதால், ஒற்றைமடியம், ஒருமடியம் ஆகிய இரண்டும் பொருத்தமான ஆக்கங்களே. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம்கள் ஆறு தொகுதிகளாக இருப்பதால், அதன் ஹாப்ளாய்டு செடியில் 21 குரோமோசோம்கள், அதாவது மூன்று தொகுதிகள், இருக்கும். எனவே ஒற்றைமடியம் என்பதை 'ஒரே தொகுதி உடையது' என விளக்குவது முலாம்பழத்துக்குப் பொருந்தும், கோதுமைக்குப் பொருந்தாது. 'பாலணுவின் அளவு உடையது' என்னும் விளக்கமே எங்கும் பிழையின்றி நிற்கும்.

கலப்பின விதைக்குத் தூய, அதாவது தலைமுறைதோறும் பண்பு மாறாத, பெற்றோர் வரிசைகள் தேவை. தன்மகரந்தச் சேர்க்கையால் அவற்றைப் பெற ஆறேழு தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். ஒற்றைமடியத்தின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினாலோ ஒரே தலைமுறையில் முழுத்தூய்மை கிடைத்துவிடும். முலாம்பழத்தில் இதற்கு வழிகாட்டியவர்கள் பிரான்சு நாட்டின் சோத்தோன், துய்மா தெ வோ ஆகிய ஆய்வாளர்கள். அவர்கள் 1987இல் வெளியிட்ட முறையின் கருவி கதிரூட்டிய மகரந்தம்.

கோபால்ட்-60 காமா கதிர் பட்ட மகரந்தம் சூல்முடியில் முளைக்கும், குழாயும் நீளும். ஆனால் அதன் உட்கரு சிதைந்திருப்பதால் முறையான கருவுறுதல் நிகழாது. அந்தத் தூண்டுதலால் முட்டை செல் தானாகவே பிளவுற்றுக் கருவாகத் தொடங்குகிறது. கதிர்வீச்சு என்றதும் மரபணுக்களில் மாற்றம் உண்டாக்கிப் புது வகைகளைப் பெறும் சடுதிமாற்றப் பயிர்ப்பெருக்கம் நினைவுக்கு வரலாம், இது அதுவன்று. இங்குப் பிறக்கும் செடி தாயின் குரோமோசோம்களையே பெறுகிறது, கதிர்பட்ட தந்தையின் மரபுப்பொருள் அதில் சேர்வதில்லை.

கருவுக்கு உணவளிக்கும் திசுவான கருவூண் சரிவர உருவாகாததால் அந்தக் கரு விதைக்குள் நெடுநாள் உயிர்வாழாது. ஆகவே மகரந்தச் சேர்க்கை முடிந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் காயைப் பறித்து, கிருமி நீக்கிய சூழலில் விதைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்க்கிறார்கள். வெளியே பருத்துத் தெரியும் விதைகளில் பெரும்பாலானவை உள்ளே வெறுமையாகவே இருக்கும். நூற்றுக்கு ஓரிரண்டில் குண்டூசித் தலையளவோ அதனினும் சிறிதோ வெண்ணிறக் கரு ஒன்று கிடைத்தால் அதுவே பேறு. அதனை ஊட்ட ஊடகத்தில் வைத்து வளர்ப்பது கரு மீட்பு எனப்படும்.

இவ்வாறு கிடைத்த செடியின் பூக்கள் சிறுத்திருக்கும், மகரந்தம் பெரும்பாலும் மலடாக இருக்கும். கால்சிசின் என்னும் வேதிப்பொருளின் கரைசலால் குரோமோசோம்கள் 24 ஆக்கப்பட்ட பின்னரே அது விதை தரும். அந்நிலையில் அதனை வெறுமனே 'இருமடியம்' என்று எழுதினால் வயலில் நிற்கும் எல்லாச் செடிகளோடும் கலந்துவிடும். 'இரட்டித்த ஒற்றைமடியம்' என்று முழுமையாக எழுதுவதே முறை.