கரோடிட்: மயக்கத்தின் பெயரைச் சுமக்கும் தமனி

குரல்வளைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரல்களை மெல்ல வைத்தால் ஒரு துடிப்பு தட்டுப்படும். இதயத்திலிருந்து மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி அது. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. முதலுதவிப் பயிற்சியில், இரண்டையும் ஒருசேர அழுத்திவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'கரோஸ்' என்றால் நினைவு தப்பிய ஆழ்ந்த உறக்கம். இந்தக் குழாய்களை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவதைக் கண்டு, அந்நாட்டின் பழைய மருத்துவர்கள் இப்பெயரை வைத்தார்கள். இரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி நூல் வெளியிட்டது 1628இல்தான். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே, கழுத்து வழியாகப் போகும் ஏதோ ஒன்றை நம்பித்தான் சுயநினைவு இருக்கிறது என்று கண்டுகொண்ட பெயர் இது. எனக்கு மிகவும் பிடித்த மருத்துவச் சொல்லும் இதுவே.

தமிழில் 'கழுத்துத் தமனி' என்பது பொருத்தமானது. கேட்டதும் இடம் புரிகிறது. தமனி என்பது வடமொழிச் சொல். 'ஊது' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி என்றும் சிரைக்கு நாளம் என்றும் வழங்குகிறார்கள். அழகான சொற்கள்தாம். ஆனால் தமிழ்நாட்டில் நாடி என்றாலே துடிப்பு என்று கொள்வதால் குழப்பம் வரும்.

இனி, இந்தத் தமனி குறுகிப்போகும் நோயின் பெயரான 'கரோடிட் ஸ்டெனோசிஸ்'. ஸ்டெனோஸ் என்றால் ஒடுங்கியது. இதை 'அடைப்பு' என்று பலரும் எழுதுகிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. அடைப்பு என்றால் வழியே மூடிவிட்டது என்று பொருள்படும். இங்கே வழி சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'கழுத்துத் தமனிக் குறுக்கம்'. குறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமாகும் அதிரோஸ்கிளீரோசிஸ் என்னும் பெயரை 1904இல் பெலிக்ஸ் மார்ச்சண்ட் உருவாக்கினார். 'அதேரே' என்றால் கூழ், 'ஸ்கிளீரோஸ்' என்றால் கெட்டியானது. குழாய்ச் சுவரைப் பிளந்து பார்த்தால் உள்ளே கொழுப்பு கூழாகவே படிந்திருக்கும். தமிழில் வழங்கும் 'தமனிக்கூழ்மைத் தடிப்பு' அந்தக் காட்சியை அப்படியே பிடித்துவைத்திருக்கிறது.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஒரு பக்கம் குறுகினால் மூளையடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து அமையும் 'வில்லிஸ் வளையம்' மறுபக்கத்து இரத்தத்தைத் திருப்பிவிட்டு ஓரளவு ஈடுசெய்யும். வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை. ஈடுகட்ட முடியாத இடங்களில் மூளைத் திசு மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. பக்கவாதம் வராமலே சிந்தனை மந்தமாகலாம்.

இந்தத் தளர்ச்சியை 'மறதிநோய்' என்று எழுதுவதுதான் என்னை உறுத்துகிறது. மூளைக்கு இரத்தம் குறைவதால் வரும் தளர்ச்சியில் பலருக்கும் முதலில் தடுமாறுவது நினைவு அல்ல, திட்டமிடுதலும் வேகமும்தான். பேரப்பிள்ளைகளின் பெயர் அத்தனையும் நினைவிருக்கும். நாற்பது ஆண்டுகளாகப் போட்டுவந்த வீட்டுக் கணக்கு மட்டும் பாதியில் நின்றுவிடும். மறதி இல்லையே என்று வீட்டார் கவனிக்காமல் விடுகிறார்கள். 'அறிதிறன் குறைவு' என்று எழுதினால், நின்றுபோன அந்தக் கணக்கும் நோயின் அடையாளமாகக் கண்ணில் படும்.