அட்டவணையில் இல்லாத அட்டைப்பெட்டி

இந்த மாதத்தில் இது நான்காவது. தென்னாப்பிரிக்கா, கென்யா காகித ஏற்றுமதி ஒப்பீடு என்று ஒரு படம். இரண்டு பட்டைகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அடியில் ஒரு தீர்ப்பு: "கென்யாவில் காகிதத் தொழிலே இல்லை." அனுப்பியவர் அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரம் விற்பவர். இதை நம்பிக் கென்யாவைக் கைகழுவப் பார்க்கிறார். வர்த்தகக் கணக்குகளைப் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்தப் படத்தைக் கண்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஐயா, ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்துத் தொழிலை எடைபோடாதீர்கள். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் பறித்த ரோஜா, அட்டைப்பெட்டியில் விமானம் ஏறுகிறது. நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கக் குறியீட்டுப் பட்டியலில் காகிதத்துக்கு 48-ஆம் அத்தியாயம்; அந்தப் பெட்டி அதில் இருக்காது. வழக்கமான பொதிபெட்டி உள்ளிருக்கும் சரக்கோடு சேரும் என்பது சுங்க வகைப்பாட்டு விதி. ஆகவே பூவோடு சேர்ந்து, பூவுக்கான குறியீடான 0603-இல் போய்விடும். அதே பெட்டி மடித்துக் கட்டிய வெறும் பெட்டியாக லாரியில் உகாண்டா போனால் 4819, அதாவது காகிதம். ஒரே ஆலை, ஒரே அட்டை, ஒரே அச்சு. உள்ளே பூ இருந்தால் பூ, இல்லாவிட்டால் காகிதம்! தென்னாப்பிரிக்க ஆரஞ்சுக்கும் இதே கதைதான். 15 கிலோ பெட்டிக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் கடல் தாண்டும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் அட்டை முழுவதும் பழக் கணக்கில்தான் கிடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வெபுயே ஊரில் இருந்த கென்யாவின் பெரிய காகித ஆலை 2009-இல் மூடப்பட்டது, பல ஆண்டுகள் கழித்தே வேறு கைக்கு மாறி மீண்டும் திறந்தது. மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் காகித ரீல் பெட்டியாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறி அண்டை நாடுகளுக்குப் போகிறது. இறக்குமதியைப் பக்கத்தில் வைக்காமல் அந்த ஏற்றுமதியைப் படித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள்: 47-ஆம் அத்தியாயத்தைச் சேர்த்துக் கூட்டாதீர்கள். அது மரக்கூழ் போன்ற கூழ் வகை. தென்னாப்பிரிக்காவின் உம்கொமாஸ் ஆலைக் கூழ் விஸ்கோஸ் நூலாகிச் சட்டையாகிறது, காகிதமாவதில்லை.

ஆண்டுகளையும் கவனியுங்கள். போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி ஆகிய சுங்க ஒன்றிய நாடுகளுடனான வியாபாரம் தென்னாப்பிரிக்காவின் கணக்கில் 2010 முதல்தான் சேர்கிறது. 2009-க்கும் 2010-க்கும் நடுவே தெரியும் தாவலுக்கு ஒருவர் அந்த ஆண்டு அங்கே நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தைக் காரணம் காட்டியிருந்தார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. குழந்தைகளின் டயப்பர் 2012-இல் காகிதக் கணக்கின் 4818-ஐ விட்டு, அதற்கு வெளியே உள்ள 9619-க்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டுச் சரிவுக்கு என்ன காரணம் சொல்வாரோ!

டாலர் மட்டும் போதாது, எடையையும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது எடை இருக்கும் நெடுவரிசையைத்தான். கென்யா அனுப்பியதாகச் சொல்வதை உகாண்டா வாங்கியதாகச் சொல்வதோடு ஒத்துப் பாருங்கள். வாங்கியவர் கணக்கில் போக்குவரத்துக் கூலியும் காப்பீடும் ஏறியிருக்கும், கொஞ்சம் வித்தியாசத்துக்குப் பதறாதீர்கள்.

இயந்திரக்காரருக்கு ஒரே ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறேன்: கென்யாவின் கிராஃப்ட் காகித (அட்டைப்பெட்டி செய்ய உதவும் உறுதியான காகிதம்) இறக்குமதி, குறியீடு 4804. பெட்டி செய்யாத நாடு அத்தனை ரீலை எதற்கு வாங்குகிறது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.